அகஸ்ரீனாவின் பாட்டில் இடம் கேட்டவர்

பலேர்மோத் தமிழர் நடுவில் காபரே என்ற சொல்லை முதன்முதலாகச் சொன்னவர் அகஸ்ரீனா. சொன்ன இடம் கோவில் மண்டபம். 1992ஆம் ஆண்டு நத்தார் ஒளிவிழாவுக்கான செயற்குழுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

"இந்த முறை நான் ஒரு காபரே செய்யலாம் எண்டு நினைக்கிறன்" என்றார்.

கூட்டத்தில் இருந்த ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் நிலத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த காபரே பழைய தமிழ்ப் படங்களில் வருவது. கள்ளக்கடத்தல்காரன் கிளாசை உருட்டிக்கொண்டிருக்க, இறகு கட்டிய பெண் ஒருத்தி மேசையைச் சுற்றி ஆடுவாள். அகஸ்ரீனாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. இரண்டு முழங்காலிலும் வாதம்.

சங்கத் தலைவர் எமிலியானுஸ் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, உடுப்பு என்ன மாதிரி?"

"சேலை."

"முழுச் சேலையோ?"

"பாதிச் சேலை எங்கை விக்குது, அண்ணை?"

முடிவு எடுக்க முடியாமல் இத்தாலியப் பங்குத்தந்தையிடம் போய்க் கேட்டார்கள். காபரே நல்ல விசயம் என்றும், சின்ன வயதில் தானும் பார்த்திருப்பதாகவும் அவர் சொன்னார். இத்தாலியில் விசுவாசம் குறைந்துவருகிறது என்று எமிலியானுஸ் பல நாள் கவலைப்பட்டார். ஆனால் அனுமதி அனுமதிதான்.

அகஸ்ரீனா மன்னார் பேசாலையைச் சேர்ந்தவர். கணவர் இறந்தபின் பலேர்மோவுக்கு வந்து, லிபெர்த்தா வீதியில் ஒரு பணக்காரச் சின்யோராவின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சின்யோரா இளமையில் மிலானில் ஒரு காபரேயில் பாடியவர். வயது போனபிறகும் காலையில் பியானோவுக்கு முன்னால் இருந்து பழைய பாட்டுகளைப் பாடுவார். மனைவியைவிடத் தொப்பியை அதிகம் நேசித்த கணவனைப் பற்றி ஒரு பாட்டு. நோன்புக் காலத்தில் மட்டும் காதலிக்கும், உறுதி எழுதும் நொத்தாரிசைப் பற்றி இன்னொன்று. பக்கத்து அறையில் உடுப்பு மினுக்கிக்கொண்டே அகஸ்ரீனா ஏழு வருடம் கேட்டார். காபரே என்றால் என்ன என்று அவருக்கு அப்படித்தான் விளங்கியது. ஒரு ஆள், ஒரு வாத்தியம், முன்னால் இருப்பவர்களைப் பற்றி அவர்களுக்கே பாடுவது. அதில் உடுப்புக் குறைவதில்லை. குறைவது மற்றவர்களின் மரியாதைதான்.

வாத்தியத்துக்குக் கோபாலசிங்கத்தைப் பிடித்தார். யாழ்ப்பாணத்துச் சைவர், வியா மக்வேதாத் தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுபவர், சொந்தமாக ஒரு ஓகன், மின்சாரக் கீபோட், வைத்திருந்தார். வேதக்காரரின் மண்டபத்தில் வாசிப்பாரா என்று கேட்டதற்கு, பிள்ளையாருக்கும் மாதாவுக்கும் தன்னிடம் ஒரே ஓகன்தான் இருக்கிறது என்றார்.

முதல் பாட்டு பவுலைப் பற்றியது. பவுல் ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் ஊருக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தாலியில் இருப்பதற்கான அனுமதிப் பத்திரத்தை, அந்தப் பெர்மெசோவை, ஒவ்வொரு முறையும் முதல் ஆளாகப் போய்ப் புதுப்பித்துக்கொண்டும் இருந்தார்.

வாற வருசம் ஊருக்கெண்டு பவுல் அண்ணர் சொன்னார்
வாசலிலே பெரியதொரு பெட்டி வாங்கி வைச்சார்
பெட்டிக்குள்ளே வெங்காயமும் கிழங்கும் இப்ப வாழுது
பெட்டிக்குமோர் பெர்மெசோதான் எடுக்க வேண்டி வருது

மண்டபம் கதிரையை விட்டு விழுந்து சிரித்தது. பவுல் எழும்பி வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் அகஸ்ரீனா அவருடைய படியேறிப் போனார். வாசலில் பெட்டி இல்லை. வெங்காயம் ஒரு கடதாசிப் பையில் இருந்தது.

"பகிடி நல்லாத்தான் இருந்தது" என்றார் பவுல். "ஆனால் என்னைப் பற்றின பாட்டை நான் கடைசியாக் கேட்டன். முதல் எனக்கல்லோ பாடியிருக்கோணும்?"

அது நியாயம் என்று அகஸ்ரீனாவுக்குப் பட்டது. அன்றிலிருந்து அவர் ஒரு முறை வைத்துக்கொண்டார். யாரைப் பற்றிப் பாட்டோ, அவருடைய குசினிக்குப் போய் அவருக்கு முன்னால் முதலில் பாடுவது. அவர் சிரித்தால் பாட்டு மேடைக்குப் போகும். அவர் சிரிக்காவிட்டால், வீட்டிலுள்ள மற்ற எல்லாரும் சிரித்தாலும், பாட்டுச் செத்தது. இன்னொரு விதியும் இருந்தது: இல்லாததைப் பாடுவதில்லை.

பயந்துகொண்டிருந்த சனம் இரண்டு வருடத்தில் மாறிவிட்டது. அகஸ்ரீனாவும் கோபாலசிங்கமும் ஓகனைத் தூக்கிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் படியேறினால், அந்த வீட்டில் றோல்ஸ் பொரிக்கத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார்கள். பாட்டில் வந்தவர்களுக்கு ஒரு மிடுக்கான நடை வந்தது. வராதவர்கள், தங்களைப் பற்றிப் பாட ஒன்றும் இல்லை என்று அகஸ்ரீனா நினைக்கிறாரோ என்று மனம் வருந்தினார்கள். அனிற்றா என்ற பெண் தன் மாமியாரைப் பற்றிப் பாடியதற்காக ஒரு மாதம் கோபமாக இருந்தாள். மாமியாரைவிடத் தான் மோசம் என்பது அவளுடைய வாதம்.

முன்பு பலேர்மோவில் இருந்த நான், நான்கைந்து நாடுகளில் சுற்றிவிட்டு 1997இன் முடிவில் திரும்பி வந்து அகஸ்ரீனாவின் வீட்டுக்கு மேல்மாடியில் அறை எடுத்தேன். இரண்டு மாதத்தில் மறுபடி கிளம்புவதாகத்தான் எண்ணம். ஆனால் அடுத்த வருடம் தவக்காலத்தில் கிறிகோரியின் விவகாரம் தொடங்கிவிட்டது. அது முடியாமல் ஊரைவிட்டுப் போக மனம் வரவில்லை.

கிறிகோரிக்கு ஐம்பத்திரண்டு வயது. லிபெர்த்தாவில், நடக்க முடியாத ஒரு வக்கீலைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குடிப்பதில்லை. பிந்துவதில்லை. அவரைப் பற்றி ஒருவரும் பிழையாகச் சொன்னதில்லை. சரியாகவும் சொன்னதில்லை. மனைவி கிளறாவின் தம்பி இத்தாலியின் வடக்கே றெஜ்ஜோ எமிலியாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக் கொடுத்திருந்தார். உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு குடும்பத்தோடு போவதாக முடிவாகி, பிரியாவிடைக்கு நாளும் குறித்தாயிற்று.

ஒரு வியாழன் பின்னேரம், வீட்டு வேலைக்காரருக்கெல்லாம் அரைநாள் லீவு உள்ள நேரத்தில், அவர் அகஸ்ரீனாவின் வீட்டுக்கு வந்தார். கோபாலசிங்கம் ஓகனின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணிக்காக இறங்கி வந்திருந்தேன்.

"தங்கச்சி, நான் வடக்கை போறன்."

"கேள்விப்பட்டனான், அண்ணை. நல்ல விசயம்."

"பதினொரு வருசம் இஞ்சை இருந்திட்டன். ஒரு பாட்டிலையும் நான் இல்லை."

அகஸ்ரீனா தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் தள்ளினார்.

"பவுலைப் பாருங்கோ. அவர் கனடாவுக்குப் போய் எவ்வளவு காலம். இண்டைக்கும் ஒரு பெட்டியைக் கண்டால் சனம் பவுலைக் கதைக்குது. நான் போனால் அடுத்த கிழமையே மறந்திடுவினம். இருந்தனான் எண்டதுக்கு ஒரு கதையாவது இருக்கோணும்."

"அண்ணை, உங்களிலை ஒரு பிழையும் இல்லையே."

"அது என்ரை பிழையோ?"

கிறிகோரி கொஞ்சம் யோசித்தார்.

"நான் நித்திரையிலை கதைப்பனாம். கிளறா சொல்லுறவ."

கோபாலசிங்கம் நிமிர்ந்தார். "என்ன கதைப்பியள், அண்ணை?"

"'சரி, சரி' எண்டுவனாம்."

கோபாலசிங்கம் மறுபடி ஓகனின் வயரைச் சுற்றத் தொடங்கினார்.

பாட்டு இல்லை என்று அகஸ்ரீனா சொல்லவில்லை. பார்ப்போம் என்றுதான் சொன்னார். கிறிகோரி அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். தன்னிடம் குறை இல்லாததுதான் தடை என்றால், அதைத் தேடிக்கொள்வது தன் பொறுப்பு என்று முடிவு செய்தார்.

குருத்து ஞாயிறன்று ஒரு காலில் கறுப்புச் சப்பாத்தும் மற்றக் காலில் மண்ணிறச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு பூசைக்கு வந்தார். எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. எமிலியானுஸ் அவரைத் தூண் மறைவுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் இரத்தத்தில் சீனி கூடிவிட்டதா என்று கேட்டார். அனிற்றா அவர் வீட்டுக்குக் கோழிச் சூப் கொண்டுபோனாள். இரண்டு பெண்கள் அவருக்காக நவநாள் செபம் தொடங்கினார்கள்.

அதற்குப் பிறகு கோவில் முற்றத்தில் அவர் ஒரு பகிடி சொன்னார். தொடங்கும்போது "இது ஒரு பகிடி" என்றும், முடிவில் "இவ்வளவுதான்" என்றும் சொன்னார். கேட்டவர்கள் நன்றி சொன்னார்கள்.

பெரிய வியாழனன்று, கோபாலசிங்கமும் நானும் இருக்கும்போது, கிளறா அகஸ்ரீனாவின் வீட்டுக்கு வந்தார். அவர் அகஸ்ரீனாவைவிட மூத்தவர்.

"எடியே, அந்த மனிசனுக்கு ஒரு பாட்டைப் போட்டுவிடு. இல்லாட்டி அடுத்த கிழமை என்ரை சேலையை உடுத்துக்கொண்டு வெளிக்கிடும்."

"ஒண்டும் பிடிபடுகுதில்லை, அக்கா."

"முப்பது வருசமா எனக்கும் பிடிபடேல்லை. நான் சமைச்சுக் குடுக்கேல்லையே?"

கிளறா போனபிறகு கோபாலசிங்கம் ஒரு வழி சொன்னார். "பொய்யா ஒண்டைச் சொருகுங்கோ, அக்கா. குறட்டை விடுறார் எண்டு பாடுவம். ஆர் போய்ப் பாக்கப்போயினம்?"

"குறட்டை ஊருக்கே பொது. பாட்டு ஒராளுக்குத்தான் அளவா இருக்கோணும். அவரிலையிருந்து கழட்டி இன்னொராளுக்குக் கொழுவக்கூடியதெண்டால் அது பாட்டில்லை, கோட்டு."

சொல்லிவிட்டு அகஸ்ரீனா என் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்:

"தம்பி, கிறிகோரி எண்டு சொன்னால் உனக்கு என்ன கண்ணிலை தெரியுது? யோசியாமல் சொல்லு."

"கை."

"என்ன கை?"

"ஒரு கை. நான் இருக்கிற கதிரையின்ரை முதுகிலை. எழும்பச் சொல்லுது."

அகஸ்ரீனா என்னைப் பார்த்தார். நான் திரும்பி வந்த பிறகு மூன்று விழாக்களுக்குத்தான் போயிருந்தேன். எனக்கும் கைதான் தெரிந்தது. மறுநாள் பெரிய வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து வெளியே வந்தவர்களிடம் அகஸ்ரீனா ஒவ்வொருவராக அதே கேள்வியைக் கேட்டார். ஒருவருக்கும் கிறிகோரியின் முகம் உடனே வரவில்லை. கை எல்லாருக்கும் வந்தது. ஒவ்வொரு கலியாணத்திலும், ஒவ்வொரு பிறந்தநாளிலும், கடைசிப் பாட்டு முடிவதற்குள் அவர் மண்டபத்தின் கதிரைகளை அடுக்கத் தொடங்கியிருக்கிறார். யாரும் அவரிடம் கேட்டதில்லை. யாரும் கவனித்ததும் இல்லை. எழும்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த திங்கள், ஊர் முழுக்கக் கடற்கரைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போன நாளில், நாங்கள் ஓகனோடு கிறிகோரியின் வீட்டுக்குப் போனோம். கோபாலசிங்கத்துக்கு இடுப்புப் பிடிப்பு, அதனால் ஓகனின் கால்களை நான் தூக்கினேன். கிளறா மீன் கட்லற் செய்திருந்தார். கிறிகோரி வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, குசினி மேசையில் படம் எடுக்க இருப்பவர்போல இருந்தார். அகஸ்ரீனா தொடங்கினார்.

பாட்டு முடிஞ்சு கைதட்டு முன்னம் கிறிகோரி எழும்புவார்
பக்கத்தில் வந்து பணிவாய் நிண்டு "கதிரை" எண்டு கேட்பார்
மாப்பிள்ளை பெண்ணைப் பாத்துச் சிரிச்சால் மணவறை கழட்டுவார்
மணமகள் மாலை வாடமுந்தி மண்டபம் கூட்டுவார்

மூன்றாம் வரியில் கிளறா குளிர்சாதனப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். நான்காம் வரியில் அதில் சாய்ந்தபடி நிலத்துக்குச் சரிந்தார். இரண்டாவது சரணம் முடிந்தபோது கண்ணைத் துடைக்கச் சேலைத் தலைப்புப் போதாமல் மேசைத் துணியை இழுத்தார். கட்லற் இரண்டு நிலத்தில் விழுந்தது.

கிறிகோரி அவற்றை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"இதிலை பகிடி என்ன?" என்று கேட்டார்.

கிளறா மேசைத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"முடிஞ்சால் அடுக்கத்தானே வேணும்? மண்டபத்தை நேரத்துக்குக் குடுக்காட்டி அடுத்த முறை தரமாட்டினம்."

"ஓம், அண்ணை" என்றார் அகஸ்ரீனா. கோபாலசிங்கம் ஓகனை மூடினார்.

"ஏன் மூடுறியள்?"

"நீங்கள் சிரிக்கேல்லை, அண்ணை. ஆள் சிரிக்காட்டி நான் மேடையிலை பாடுறேல்லை. உங்களுக்குத் தெரியும்தானே."

கிறிகோரி நிலைமையை விளங்கிக்கொண்டார். பிறகு சிரித்தார். அதைச் சிரிப்பு என்று சொல்வது மரியாதைக்காக. நெடுநாள் திறக்காத அலுமாரியைத் திறந்ததுபோல ஒரு சத்தம் வந்தது, அதோடு நின்றுவிட்டது.

"அது வாய் மட்டும்" என்றார் அகஸ்ரீனா.

"நீ ஒண்டு!" என்றார் கிளறா, நிலத்தில் இருந்தபடியே. "கலியாணப் படத்திலையே சிரிக்காத மனிசன். இவர் சிரிக்கும் வரைக்கும் நிண்டால் தொழிற்சாலை மூடிப்போடும். பாடிவிடு!"

"இல்லை, அக்கா. பவுல் அண்ணைக்கு ஒருக்காச் செய்தது காணும்."

கிறிகோரி மறுத்துப் பேசவில்லை. விதி என்றால் விதி என்பதை அவரைப்போல் ஒத்துக்கொள்பவர் கிடையாது. இரண்டாம் சரணத்தை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அகஸ்ரீனா சொன்னார். ஓகனைப் படி இறக்க அவரே உதவினார்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் பிரியாவிடை. மண்டபம் நிறைந்திருந்தது, ஏனென்றால் கிறிகோரிக்குப் பாட்டு இருக்கிறது என்று கதை பரவியிருந்தது. எமிலியானுஸ் பேசினார். மாலை போட்டார்கள். பிறகு கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடலை வாசித்தார்கள்: நற்பண்பாளர், அமைதியானவர், இன்முகத்தோடு எல்லாரையும் அரவணைப்பவர். அதே மடல், பெயரை மட்டும் மாற்றி, முன்பு பலேர்மோவை விட்டுப் போன இன்னும் சிலருக்கும் வாசிக்கப்பட்டது. பவுலுக்கும் அதுதான். கிறிகோரி மேடை ஓரமாக நின்று ஒவ்வொரு வரியையும் தலை குனிந்து கேட்டார். இன்முகம் என்ற இடத்தில் கிளறா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

அகஸ்ரீனா மூன்று பாட்டுப் பாடினார். மூன்றும் மற்றவர்களைப் பற்றியவை. சனம் சிரித்தது, ஆனால் காத்துக்கொண்டிருந்தது. அவர் கும்பிட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கினார்.

அப்போது கிறிகோரி, கழுத்தில் மாலையும் கையில் வாழ்த்துமடலுமாக, மைக்கிடம் போனார். மடலைக் கவனமாக ஒரு பக்கம் சாய்த்து வைத்தார்.

"நான் ஒரு பாட்டுப் பாடப்போறன்" என்றார். "எழுதினது அகஸ்ரீனா. அவ பாடமாட்டா. ஏனெண்டால் நான் சிரிக்கேல்லை. நானே பாடக்கூடாதெண்டு விதி இல்லை. தம்பி கோபாலசிங்கம், அந்த மெட்டு."

கோபாலசிங்கம் அகஸ்ரீனாவைப் பார்த்தார். அகஸ்ரீனா கையை விரித்தார்.

கிறிகோரிக்குச் சுருதி இல்லை. தாளமும் இல்லை. மண்டப வாடகை விபரம் வாசிப்பதுபோல நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகச் சொன்னார். "கிறிகோரி எழும்புவார்" என்று தன்னைப் பற்றியே, அந்தக் கிறிகோரி வேறு யாரோ என்பதுபோல அறிவித்தார். முதல் சரணத்துக்கே மண்டபம் அதிர்ந்தது. அவர் சத்தம் அடங்கும்வரை பொறுமையாக நின்றார். அது சிரிப்பை இன்னும் மோசமாக்கியது. பிறகு இரண்டாவதைத் தொடங்கினார்.

தேவன் வந்து தீர்ப்புச் சொல்லும் கடைசி நாளிலும்
செத்தவர் எல்லாம் எழும்பி வரிசையில் நிக்கும் வேளையிலும்
நல்லவர் வலமும் கெட்டவர் இடமும் பிரிஞ்சு போன பின்னே
நாலு நாலாய்க் கதிரை அடுக்குவார் கிறிகோரி அண்ணை

எமிலியானுசுக்கு மூச்சு எடுக்க முடியவில்லை. பங்குத்தந்தைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் கிறிகோரியின் முகத்தைப் பார்த்து அழும்வரை சிரித்தார். "இன்னொருக்கா!" என்று பின்வரிசை கத்தியது.

"ஏலாது" என்றார் கிறிகோரி மைக்கில். "மண்டபத்தை ஆறு மணிக்குக் குடுக்கோணும்."

அது பாட்டில் இல்லாத வரி. அன்றைக்குச் சனம் அதிகம் சிரித்தது அதற்குத்தான்.

அவர் மேடையை விட்டு இறங்கி, முன்வரிசையில் எமிலியானுசின் கதிரை முதுகில் கையை வைத்தார். எமிலியானுஸ் இரண்டு கையாலும் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எழும்பமாட்டன்!" அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும். மண்டபம் முழுவதும் கதிரையைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தது. கிறிகோரி மனைவியிடம் திரும்பினார்.

"ஏனப்பா ஒருத்தரும் எழும்பீனம் இல்லை?"

"இதிலை இருங்கோ" என்று கிளறா ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

அவர் இருந்தார். பல்வைத்தியரிடம் முறைக்குக் காத்திருப்பவர் இருப்பதுபோல, விளிம்பில். ஆறு மணிக்கு அவரோடு சேர்ந்து எல்லாரும் எழும்பி அடுக்கினார்கள். நேரம் பிந்தவில்லை.

இப்போது பலேர்மோவில் விழா முடியும் நேரத்துக்குப் பெயர் "கிறிகோரி". கலியாண வீட்டில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டு நின்றால், "ஓடிப்போய்க் கேக் எடு, கிறிகோரி வந்திட்டுது" என்று தாய்மார் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் அதை ஒரு மணித்தியாலத்தின் பெயர் என்றுதான் நினைக்கிறார்கள்.

அன்றைக்குப் பிரியாவிடை முடிந்து வியா மக்வேதா வழியாக நானும் அகஸ்ரீனாவும் வீட்டுக்கு நடந்தோம். அவர் வழக்கத்தைவிட வேகமாக நடந்தார், முழங்காலையும் பாராமல்.

"நல்லாப் பாடினாரே" என்றேன்.

"ஓம்."

"உங்கடை பாட்டுத்தானே. சந்தோசமில்லையோ?"

"ஆறு வருசமாப் பாடுறன்" என்றார். "ஒரு நாளும் ஒருத்தரும் 'இன்னொருக்கா' எண்டு கத்தினதில்லை."

கொஞ்சத் தூரம் போனபின் அவர் நின்றார்.

"அவருக்கு எப்ப கப்பல்?"

"செவ்வாய்க்கிழமையாம். நாப்போலிக்குப் போய் அங்கையிருந்து ரெயில்."

"பிந்தாதுதானே?"

"கிறிகோரி அண்ணை பிந்துறேல்லை."

"நல்லது" என்றார் அகஸ்ரீனா. "ஒரு ஊரிலை பாட ஒராள் காணும்."